ஒரு பகடைக்குள் உலக மக்கள் அத்தனை பேரும்!

லூடோ ஆட்டத்தில் உருட்டும் பகடை ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் எல்லாமே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். எடை ஓரிரு கிராம்தான் இருக்கும். இந்தப் பகடைக்குள் உலகத்தில் உள்ள 800 கோடிப் பேரையும் அடைத்துவிட்டதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குழந்தைகளையும் சேர்த்துத் தலைக்கு சராசரியாக 50 கிலோ என்று கணக்குப் போட்டால், பகடையின் எடை 40 கோடி டன்.

நடக்கிற காரியமா என்றுதான் தோன்றும். ஆனால், ஒரு பகடை அளவு எடுத்தால் சுமார் 40 கோடி டன் எடை இருக்கும் பொருள் இந்தப் பிரபஞ்சத்தில் நிஜமாகவே இருக்கிறது. அதன் பெயர் நியூட்ரான் நட்சத்திரம். நம் சூரியனைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எடை. ஆனால், இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 20 முதல் 25 கிலோமீட்டர்தான். ஒரு நகரத்துக்குள் அடங்கிவிடும்.

இவ்வளவு எடை இத்தனை சிறிய இடத்துக்குள் எப்படிப் போனது? உள்ளே என்னதான் இருக்கிறது?

அடுப்பு அணையும் நாள்

ஒரு நட்சத்திரத்தின் வாழ்க்கை முழுக்க இழுபறிதான். அதன் சொந்த எடை எல்லாவற்றையும் நடுவை நோக்கி இழுக்கிறது. மையத்தில் நடக்கும் அணுக்கரு இணைவு வெப்பத்தை உண்டாக்கி வெளியே தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை நட்சத்திரத்துக்கு ஆபத்தில்லை. நம் சூரியன் 450 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான் நிற்கிறது.

எடை கூடுதலான நட்சத்திரங்களுக்கு அந்த நிம்மதி கிடையாது. சூரியனைவிட 25 மடங்கு எடையுள்ள ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மையத்தில் ஹைட்ரஜன் எரிந்து ஹீலியமாக மாற சுமார் 70 லட்சம் ஆண்டுகள் ஆகும். அடுத்து ஹீலியம் எரிய ஐந்து முதல் ஏழு லட்சம் ஆண்டுகள். பிறகு கார்பன், அது 600 ஆண்டுகளில் காலி. நியானுக்கு ஓர் ஆண்டு, ஆக்சிஜனுக்கு ஆறு மாதம். கடைசியாக சிலிகான் எரிந்து இரும்பாகிறது. அதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய ஒரு நாள்!

இரும்புக்கு வந்ததும் கதை முடிகிறது. இரும்பு அணுக்கருக்களை இணைத்தால் ஆற்றல் கிடைக்காது. மாறாக, ஆற்றல் செலவாகும். இதுவரை சாம்பலையே அடுத்த விறகாக எரித்துவந்த அடுப்பில், இனி எரியாத சாம்பல் மட்டும் சேருகிறது. பூமியின் அளவையொட்டிய ஓர் இரும்பு உருண்டை, தன் மேல் உள்ள மொத்த நட்சத்திரத்தின் எடையையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

வெப்பம் இல்லாமல் அது எதன் பலத்தில் நிற்கிறது? இதற்கான பதிலில் ஒரு மெட்ராஸ் மாணவரின் பெயர் இருக்கிறது.

ஒரு சீட்டுக்கு ஒருவர்தான்

1930-ம் ஆண்டு. மெட்ராஸ் மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்த 19 வயது சுப்ரமணியன் சந்திரசேகர், மேற்படிப்புக்காகக் கப்பலில் இங்கிலாந்து போய்க்கொண்டிருந்தார். பயணத்தின்போது அவர் போட்ட கணக்கு ஒன்று விண்வெளி இயற்பியலின் போக்கையே மாற்றியது.

எலெக்ட்ரான்களுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. பேருந்தில் ஒரு சீட்டில் ஒருவர்தான் உட்காரலாம் என்பதுபோல, ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருக்க முடியாது. நெருக்க நெருக்க, கீழ் சீட்டுகள் நிரம்பிவிடும். மிச்சம் இருக்கும் எலெக்ட்ரான்கள் மேல் சீட்டுகளுக்குப் போயே ஆக வேண்டும். மேலே போகப் போக அவை வேகமாக ஓட வேண்டும். அந்த ஓட்டம்தான் அழுத்தமாக மாறி எடையைத் தாங்குகிறது. இதற்கு வெப்பம் தேவையில்லை.

ஆனால், எதுவும் ஒளியைவிட வேகமாக ஓட முடியாது. எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது, அவற்றின் தாங்கும் சக்தி எடையோடு போட்டிபோட முடியாமல் போகிறது. அந்த எல்லை சூரியனின் எடையைப் போல சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேல் போனால் உருண்டை நொறுங்கித்தான் ஆக வேண்டும். இதற்கு இன்று ‘சந்திரசேகர் எல்லை’ என்று பெயர்.

அன்று அதற்குக் கிடைத்தது வேறு மரியாதை. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் அஸ்ட்ரனாமிகல் சொசைட்டியின் கூட்டத்தில் சந்திரசேகர் தன் முடிவை விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர், அந்தக் காலத்தின் மிகப் பெரிய வானியலாளரான ஆர்தர் எடிங்டன். ஒரு நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை விடாது என்ற தொனியில், எல்லோர் முன்னிலையிலும் அந்த முடிவைக் கேலி செய்தார். கணக்கு சரி என்று தெரிந்தவர்களும் வெளிப்படையாகப் பேசத் தயங்கினார்கள். சந்திரசேகர் பிற்பாடு அமெரிக்கா போய், வேறு ஆராய்ச்சிகளில் இறங்கினார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1983-ல். கப்பலில் கணக்குப் போட்டு 53 ஆண்டுகள் கழித்து.

ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்தது

சிலிகான் எரிய எரிய, இரும்பு உருண்டையின் எடை கூடிக்கொண்டே போகிறது. எல்லையைத் தொட்டதும் சரிவு ஆரம்பிக்கிறது. பூமி அளவில் இருந்த உருண்டை, நொடிக்கு சுமார் 70,000 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே விழுகிறது. ஒரு நொடிகூட ஆவதில்லை.

இந்த நெரிசலில் எலெக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் திணிக்கப்படுகின்றன. இரண்டும் சேர்ந்து நியூட்ரானாகின்றன. கூடவே நியூட்ரினோ என்ற துகள் வெளியேறுகிறது. சாதாரண அணு என்பது பெரும்பாலும் வெற்றிடம். கிரிக்கெட் ஸ்டேடியம் அளவுக்கு அணு இருந்தால், நடுவில் அணுக்கரு ஒரு மிளகு அளவுதான். அந்தக் காலி இடம் முழுவதும் இப்போது போய்விடுகிறது. ஸ்டேடியம் ஸ்டேடியமாக இருந்தவை எல்லாம் மிளகு மிளகாக நெருங்கி நிற்கின்றன. நம் பகடையின் எடை ரகசியம் இதுதான்.

நியூட்ரான்களுக்கும் ‘ஒரு சீட்டுக்கு ஒருவர்’ விதி உண்டு. அதோடு, அளவுக்கு மீறி நெருங்கினால் அணுக்கரு விசையே அவற்றை விலக்கித் தள்ளும். எனவே, சரிவு திடீரென நிற்கிறது. விழுந்த வேகத்தில் மையம் சற்றே எதிர்த்துத் துள்ளி, ஓர் அதிர்ச்சி அலையை வெளியே அனுப்புகிறது. நடுவழியில் திணறும் அந்த அலைக்கு, பீறிட்டு வரும் நியூட்ரினோக்கள் மறுபடி பலம் கொடுக்கின்றன. நட்சத்திரத்தின் மேல் பகுதி முழுவதும் சிதறி வெடிக்கிறது. இதுதான் சூப்பர்நோவா. நடுவில் மிஞ்சுவது நியூட்ரான் நட்சத்திரம்.

சூப்பர்நோவாவின் ஒளியைப் பார்த்து நாம் வாய் பிளக்கிறோம். உண்மையில் வெளியேறும் ஆற்றலில் 99 சதவிகிதம் கண்ணுக்குத் தெரியாத நியூட்ரினோக்களாகத்தான் போகிறது. 1987 பிப்ரவரி 23 அன்று இதற்கு நேரடி சாட்சி கிடைத்தது. சுமார் 1.6 லட்சம் ஒளி ஆண்டுகள் தொலைவில் ஒரு நட்சத்திரம் வெடித்த ஒளி பூமிக்கு வந்து சேர்வதற்குச் சில மணி நேரம் முன்பே, ஜப்பான், அமெரிக்கா, சோவியத் யூனியன் ஆகிய நாடுகளில் பூமிக்கடியில் இருந்த கருவிகள் மொத்தமாக சுமார் இரண்டு டஜன் நியூட்ரினோக்களைப் பிடித்தன. ஒரு நட்சத்திரத்தின் இதயம் நொறுங்கியதை மனிதர்கள் உணர்ந்த முதல் தருணம் அது.

காகிதத்தில் ஒரு கிறுக்கல்

இப்படி ஒரு நட்சத்திரம் இருக்கலாம் என்ற யோசனை பழையது. 1932-ல் நியூட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1934-ல், வால்டர் பாடே, ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற இரு வானியலாளர்கள், சூப்பர்நோவாவில் நியூட்ரான் நட்சத்திரம் பிறக்கும் என்று எழுதினார்கள். பெரும்பாலானோர் அதைக் கண்டுகொள்ளவில்லை. இத்தனை சிறிய பொருளை யாரால் பார்க்க முடியும்?

பார்த்தவர், வடக்கு அயர்லாந்திலிருந்து வந்து கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜோசலின் பெல் என்ற மாணவி. அவரும் சக மாணவர்களும் வயல்வெளியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்களை நட்டு, கம்பி இழுத்து, ஒரு ரேடியோ தொலைநோக்கியைக் கட்டினார்கள். 1967-ல் அது வேலை செய்யத் தொடங்கியது. தினமும் ஏறக்குறைய நூறு அடி நீளக் காகிதத்தில் பேனா கோடு வரைந்து தள்ளும். அத்தனையையும் கண்ணால் பார்த்து அலசுவது ஜோசலினின் வேலை.

அந்தக் காகிதங்களில் ஓர் அங்குலம்கூட இல்லாத ஒரு கிறுக்கல் அவர் கண்ணில் பட்டது. அது நட்சத்திரத்தின் சிக்னல் போலவும் இல்லை, மனிதர்கள் உண்டாக்கும் இரைச்சல் போலவும் இல்லை. ‘ஏதோ இரைச்சல்’ என்று தள்ளிவிட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் தள்ளவில்லை. பழைய காகிதங்களைப் புரட்டினார். அதே கிறுக்கல், வானத்தின் அதே இடத்தில் மறுபடியும் இருந்தது. அது 23 மணி 56 நிமிடங்களுக்கு ஒருமுறை வந்தது. பூமியிலிருந்து பார்க்கும்போது நட்சத்திரங்கள் மறுபடி அதே இடத்துக்கு வர ஆகும் நேரம் அது. நம் கடிகாரப்படி ஓடும் எந்த மிஷினும் அப்படி வராது.

நவம்பர் மாத இறுதியில் காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்தபோது கிறுக்கல் பிரிந்து தெரிந்தது. டக்... டக்... டக்... 1.34 நொடிக்கு ஒருமுறை, இம்மி பிசகாத துடிப்பு. வேற்றுக்கிரகவாசிகளோ என்று பாதி விளையாட்டாக ‘குட்டிப் பச்சை மனிதர்கள்-1’ என்று அதற்குப் பெயர்கூட வைத்தார்கள். டிசம்பர் 21 அன்று வானத்தின் வேறொரு மூலையில் இரண்டாவது துடிப்பையும் ஜோசலின் கண்டுபிடித்தார். இரண்டு வேற்றுக்கிரகக் கூட்டங்கள் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி நமக்கு சிக்னல் கொடுப்பார்களா? வாய்ப்பில்லை. அது இயற்கையின் வேலைதான்.

அந்தத் துடிப்புகள், சுழலும் நியூட்ரான் நட்சத்திரங்களிலிருந்து வருபவை. சுழல் நாற்காலியில் கைகளை விரித்துச் சுற்றிவிட்டு, பிறகு கைகளை மடக்கிப் பாருங்கள், வேகம் கூடும். பூமி அளவு உருண்டை நகரம் அளவுக்குச் சுருங்கினால் எவ்வளவு கூடும் என்று யோசியுங்கள். காந்தப்புலமும் அதோடு சேர்ந்து பூமியுடையதைவிட லட்சம் கோடி மடங்கு வலுவாகிவிடுகிறது. காந்த முனைகளிலிருந்து கிளம்பும் ரேடியோ கதிர், கலங்கரை விளக்கத்தின் ஒளிபோலச் சுழன்று நம்மைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பு. இவற்றுக்கு ‘பல்சர்’ என்று பெயர். இதுவரை தெரிந்தவற்றில் மிக வேகமான பல்சர் நொடிக்கு 716 முறை சுழல்கிறது. நம் வீட்டு மிக்ஸி தோற்றுவிடும்!

1974-ல் இந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிடைத்தது; ஜோசலினுக்கு அல்ல, அவருடைய வழிகாட்டி ஆண்டனி ஹூவிஷுக்கு. உடன் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் மார்ட்டின் ரைல். 2018-ல் ஜோசலினுக்கு 30 லட்சம் டாலர் மதிப்புள்ள ‘பிரேக்த்ரூ’ பரிசு கொடுத்தார்கள். அந்தப் பணம் முழுவதையும், இயற்பியல் படிக்க வாய்ப்புக் குறைந்த பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்களின் உதவித்தொகைக்கே அவர் கொடுத்துவிட்டார்.

உள்ளே போனால்...

நியூட்ரான் நட்சத்திரத்தில் யாரும் இறங்க முடியாது. அங்கே ஈர்ப்பு விசை பூமியைவிட சுமார் பத்தாயிரம் கோடி மடங்கு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கடுகு விழுந்தாலும், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 50 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். கற்பனையில் மட்டும் மெதுவாக இறங்கிப் பார்க்கலாம்.

முதலில் காற்று மண்டலம். மொத்த உயரமே சில சென்டிமீட்டர்தான். அதற்குக் கீழே தரை, அதாவது மேலோடு. சுமார் ஒரு கிலோமீட்டர் தடிமன். மேல் பக்கம் இரும்பு அணுக்கருக்கள் படிகமாக அடுக்கப்பட்டிருக்க, அவற்றுக்கு நடுவே எலெக்ட்ரான்கள் ஓடிக்கொண்டிருக்கும். கீழே போகப் போக அணுக்கருக்களில் நியூட்ரான்கள் அதிகமாகி, ஒரு கட்டத்தில் உள்ளே இடமில்லாமல் வெளியே சொட்ட ஆரம்பிக்கும்.

மேலோட்டின் அடிப்பகுதிக்கு வந்தால் ஒரு வேடிக்கை. அங்கே அணுக்கருக்கள் உருண்டையாக இருக்க முடியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்கிறது இயற்பியல் கணக்கு. முதலில் உருண்டைகள், பிறகு நீள நூல்கள், பிறகு தட்டையான அடுக்குகள். விஞ்ஞானிகள் இதற்கு ‘நியூக்ளியர் பாஸ்தா’ என்றே பெயர் வைத்து, ஸ்பகெட்டி, லசான்யா என்று இத்தாலியச் சமையலிலிருந்து வகை பிரித்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பாட்டிகளிடம் கேட்டிருந்தால் சீடை, இடியாப்பம், அடுக்கிவைத்த தோசை என்று சொல்லியிருப்பார்கள். 2018-ல் வெளியான ஒரு கணினி ஆய்வு, பிரபஞ்சத்திலேயே உடைக்க மிகக் கடினமான பொருள் இதுவாக இருக்கலாம் என்றது.

இன்னும் கீழே, கருப்பகுதி. நட்சத்திரத்தின் எடையில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. இங்கே தனித்தனி அணுக்கரு என்று எதுவும் கிடையாது. நியூட்ரான் கடல்தான். கொஞ்சம் புரோட்டான்களும் எலெக்ட்ரான்களும் கலந்திருக்கும். டம்ளரில் தண்ணீரைக் கலக்கிவிட்டால் சற்று நேரத்தில் சுழற்சி நின்றுவிடும். இந்த நியூட்ரான் கடலுக்கு உராய்வே இல்லாததால் அப்படி நிற்காது. இதை மிகைப்பாய்மம் என்கிறார்கள்.

நட்டநடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் இன்றும் தீராத கேள்வி. அங்கேயும் நியூட்ரான்கள்தானா? அல்லது அவையும் நசுங்கி, அவற்றுக்குள் இருக்கும் குவார்க்குகள் வெளியே வந்து கூழாகிவிட்டனவா? அந்த அடர்த்தியைப் பூமியில் எந்த ஆய்வுக்கூடத்திலும் அப்படியே உண்டாக்க முடியாது.

வெளியே நின்றே உள்ளே பார்ப்பது

பிறகு எப்படி உள்ளே இருப்பதைச் சொல்கிறார்கள்? வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு பச்சை முட்டையை மேஜையில் படுக்கவைத்துச் சுற்றிவிடுங்கள். விரலால் ஒரு கணம் தொட்டு நிறுத்திவிட்டு, உடனே விரலை எடுங்கள். முட்டை தானாக மறுபடி மெல்லச் சுற்றும். ஓடு நின்றாலும் உள்ளே இருக்கும் திரவம் நிற்காததுதான் காரணம். வேகவைத்த முட்டை இப்படிச் செய்யாது.

நியூட்ரான் நட்சத்திரமும் இதே குறும்பைச் செய்கிறது. வேலா என்ற பல்சர் நொடிக்கு 11 முறை சுழல்கிறது. மெல்ல மெல்ல வேகம் குறைந்துகொண்டே வரும் அது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திடீரென்று பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும். 1969-ல் முதன்முதலாக இதைக் கவனித்தார்கள். மேலோடு வேகம் குறைந்தாலும், உள்ளே மிகைப்பாய்மம் பழைய வேகத்திலேயே சுழல்கிறது. சேர்த்துவைத்த அந்தச் சுழற்சியை ஒரு கட்டத்தில் மேலோட்டுக்குக் கொடுத்துவிடுகிறது. இப்படிப்பட்ட தாவல்களுக்காக இளம் பல்சர்களைத் தொடர்ந்து கண்காணிக்கும் தொலைநோக்கிகளில், நீலகிரியில் உள்ள ஊட்டி ரேடியோ தொலைநோக்கியும் ஒன்று. 1970-ல் அமைக்கப்பட்ட, 530 மீட்டர் நீளமுள்ள தொலைநோக்கி அது. முத்தோரையில் மலைச்சரிவையே தாங்கலாகக் கொண்டு நிற்கிறது.

இன்னொரு வழி, அளவெடுப்பது. 2017-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட ‘நைசர்’ என்ற எக்ஸ்-ரே கருவி, நியூட்ரான் நட்சத்திரங்களின் அளவைக் கணித்தது. சூரியனைப் போல 1.4 மடங்கு எடையுள்ளதும், 2.1 மடங்கு எடையுள்ளதும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பதாகத் தெரிந்தது. எடை இவ்வளவு கூடியும் அமுங்கவில்லை என்றால், உள்ளே இருப்பது எளிதில் நசுங்காத பொருள். நடுவில் வெறும் கூழ்தான் இருக்கிறது என்ற சில கணிப்புகளுக்கு இது சிக்கல்.

மூன்றாவது வழி, மோதல். 2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளி ஆண்டுகள் தொலைவில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய ஈர்ப்பு அலைகள் பூமியை வந்தடைந்தன. 1.7 நொடியில் காமா கதிர்கள். பின்னாலேயே ஒளி. சிதறிய பொருளில் கனமான தனிமங்கள் உருவானது அந்த ஒளியில் தெரிந்தது. அப்படி உருவாகும் தனிமங்களில் தங்கமும் உண்டு. நம் வீட்டுப் பீரோவில் இருக்கும் தங்கத்தில் ஒரு பகுதியாவது, சூரியன் பிறப்பதற்கு முன்பே எங்கோ நடந்த இப்படி ஒரு மோதலில் உண்டாகியிருக்கலாம்.

மார்கழியில் மேலே பாருங்கள்

அடுத்த நியூட்ரான் நட்சத்திரம் எங்கே பிறக்கும்? நமக்கு நன்கு தெரிந்த ஒன்று அதற்கான வரிசையில் நிற்கிறது. திருவாதிரை. சூரியனைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் எடையுள்ள, வயதான சிவப்பு நட்சத்திரம். ஹைட்ரஜன் தீர்ந்து, மையத்தில் அடுத்த விறகு எரிந்துகொண்டிருக்கிறது. 2019 கடைசியில் அது திடீரென மங்கியபோது, வெடிக்கப்போகிறதோ என்று உலகமே பரபரப்பானது. அது கக்கிய தூசிதான் ஒளியை மறைத்தது என்று பிறகு தெரிந்தது. வெடிக்க இன்னும் ஏறக்குறைய ஒரு லட்சம் ஆண்டுகள் ஆகலாம்.

மார்கழி மாதத்தில் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். செம்மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று தெரிவதுதான் திருவாதிரை. குழந்தைகள் கூட இருந்தால், மாநிலக் கல்லூரி மாணவரின் கதையையும், கிறுக்கலைத் தள்ளிவிடாத மாணவியின் கதையையும் சொல்லுங்கள். நட்டநடுவில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை என்பதையும் மறக்காமல் சொல்லிவையுங்கள்.